மூக்கும் காதும் கற்ற வித்தை: பழைய பென்ஸும் கொழும்புக் கராஜ்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள், அதைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்கள், கராஜில் வேலை பழகும் பொடியன்களின் பெற்றோர் என எல்லோருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண சீசன் வந்தால் முப்பது நாற்பது வயதான மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் பளபளவென்று வெளியே வரும். முன்பக்கம் பூமாலை, பின்சீட்டில் மாப்பிள்ளையும் பொண்ணும். காருக்குள்ளே ஒரு வாசனைப் போத்தல் தொங்கும். அந்தப் போத்தல் எந்த வாடையை மறைப்பதற்காகத் தொங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்த வாடையைப் பற்றியது.

*முதல் மெக்கானிக் ஒரு பெண்*

கார்ல் பென்ஸ் தன்னுடைய மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29இல். வண்டி உருவானது, ஆனால் அதை நம்பி வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனதில்லை.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அதைக் குத்தித் துப்புரவாக்கினார். மின்கம்பி ஒன்றின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றி அதைச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். எரிபொருளை வீஸ்லொக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். கார் வரலாற்றின் முதல் நீண்ட பயணம் முழுக்கவே சின்னச் சின்னப் பழுதுகளைக் கண்டுபிடித்துத் தீர்த்த கதைதான். அவரிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. கண்ணும் காதும் மூக்கும் கையுமே இருந்தன.

அடுத்த இருபது வருடத்துக்குள் மோட்டார் கார் நம் தீவுக்கும் வந்துவிட்டது. 1904இலேயே இங்கே கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். நாம் இன்று ஏஏ என்று சொல்வது அதைத்தான். 1939இல் தொடங்கிய டிமோ நிறுவனம் பென்ஸின் முகவராகி, அந்த மூன்று முனை நட்சத்திரத்தை நம் தெருக்களுக்குப் பழக்கப்படுத்தியது.

*தட்டுப்பாடு செய்த வாத்தியார் வேலை*

கொழும்பு மெக்கானிக்குகளின் திறமை எங்கிருந்து வந்தது? நாங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு: ஒரு ஊரின் கைத்திறமையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த ஊரில் எது கிடைக்காமல் போனது என்று பார்க்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. கார் என்பது ஆடம்பரம், ஆகவே அது முதலில் வெட்டுப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அந்தக் காலத்தில் ஒஸ்டின், மொரிஸ் மைனர், பூஜோ, பென்ஸ் எதுவானாலும் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வண்டிதான். புதிய பாகம் கேட்டால் கிடையாது. பாகம் தேயும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கிறவன்தான் மெக்கானிக். தேய்ந்துவிட்டால் அதைக் கடைந்தோ வெட்டியோ இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியோ பொருத்த வேண்டும். பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகள் அந்தத் தேவைக்குத் தோதாக வளர்ந்த சந்தை. ஆமர் வீதி, கிராண்ட்பாஸ் பக்கத்துச் சின்னக் கராஜ்களும் அப்படித்தான். அவற்றில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பொனட்டுக்குக் கீழே தலையை நுழைத்து வேலை பழகினார்கள். "பாஸ்" என்ற ஒரு சொல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

படிப்பாகவும் இது கற்பிக்கப்பட்டது. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அடுத்த வருடமே மேற்கு ஜேர்மனியின் உதவியோடு இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனத்துக்கு அடித்தளம் போடப்பட்டது. வெரஹெரவில் சபையின் வேலைத்தளத்தோடு தொடங்கிய அந்த நிறுவனம் பிறகு மொரட்டுவைக்கு மாறியது. "ஜேர்மன் டெக்கில் படித்தவர்" என்றால் இன்றும் கராஜில் ஒரு மரியாதை உண்டு.

1977 ஜூலைத் தேர்தலுக்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பானிய ரிகண்டிஷன் கார்கள் குவிந்தன. அதோடு பழைய பாஸ்மாரின் வித்தைக்குத் தேவை இல்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நின்றது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். நீங்கிய பின்னும் வரி மலைபோல நிற்கிறது. ஆகவே பழைய கார் நம்மோடு இன்னும் பல வருடம் இருக்கப் போகிறது. அதன் மொழி தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டு போகிறார்கள்.

*ஸ்கேன் மெஷின் வாய் திறக்காத கார்*

இன்றைய கார் கராஜுக்குப் போனால் முதலில் கம்பியூட்டரைச் சொருகுவார்கள். பழுதுக்கு ஒரு இலக்கம் வரும். எல்லாக் கார்களுக்கும் பொதுவான அந்த முறை அமெரிக்காவில் 1996 மொடல்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் புதிய பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்து. நம் ஊரில் ஓடும் பழைய பென்ஸ்களில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. டபிள்யூ 123 என்ற வகை 1976 ஜனவரியில் வெளிவந்தது, சுமார் 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. அதற்கு அடுத்து 1984 இறுதியில் வந்தது டபிள்யூ 124. இவற்றில் பொதுவான ஸ்கேன் மெஷினைச் சொருக இடமே இல்லை. கார் பேசுவது சத்தத்திலும் வாடையிலும்தான்.

டபிள்யூ 123 டீசல் காரில் நடக்கும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய மெக்கானிக் சாவி சுவிட்சை மாற்றுவார், டீசல் பம்பைக் கழற்றச் சொல்வார். பழைய பாஸ் கதவுப் பூட்டைக் கேட்பார்: "நாலு கதவும் ஒழுங்காப் பூட்டுதா நானா?"

காரணம் இதுதான். அந்தக் காரில் எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, காற்றுறிஞ்சல். எஞ்சினில் ஒரு வெற்றிடப் பம்ப் இருக்கிறது. பிரேக்குக்கு உதவுவதும், கதவுகளை ஒன்றாகப் பூட்டுவதும், டீசலை நிறுத்துவதும் அந்தப் பம்ப் தரும் உறிஞ்சல்தான். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கார் முழுக்க ஓடுகின்றன. கதவுக்குள் இருக்கும் சின்ன இறப்பர் சவ்வு ஒன்று கிழிந்தால் உறிஞ்சல் அந்த வழியாகக் கசிந்துபோகும், எஞ்சின் நிற்க மறுக்கும். கதவுக்குப் போகும் குழாயை ஒரு நிமிஷம் அடைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதுவரை பொனட்டுக்குள்ளே "ஸ்டொப்" என்று எழுதியிருக்கும் நெம்பை அழுத்தி நிறுத்தலாம். நோய் தெரிந்தவருக்கு இது ஒரு இறப்பர்த் துண்டின் செலவு. தெரியாதவர் பம்பையே கழற்றிவிடுவார்.

*வாடைகளின் அகராதி*

இனி மூக்குக்கு வருவோம். ஒவ்வொரு வாடைக்கும் ஒரு முகவரி உண்டு.

கித்துள் பாணி காய்ச்சுவது போல இனிப்பு வாடை வந்தால் அது கூலன்ட். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோலின் மணம் அது. காருக்குள்ளே மணந்து, முன்சீட்டுக் காலடியில் விரிப்பு ஈரமாகி, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஹீட்டர் ரேடியேற்றர் கசிகிறது. "கொழும்பில் யார் ஹீட்டர் போடுகிறார்?" என்று கேட்பீர்கள். நாம் போடாவிட்டாலும் அந்தக் குழாயில் தண்ணீர் இருக்கிறது. கூலன்ட் குடித்தால் நஞ்சு. பூனை நக்கிவிடும், இனிப்பாக இருப்பதால் குழந்தையும் நக்கிவிடும், நிலத்தில் சிந்தினால் கழுவிவிடுங்கள். இன்னொரு விஷயம்: செலவு மிச்சம் பிடிக்க வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கசிந்தாலும் வாடை வராது. எச்சரிக்கும் குரலை நாமே அடைத்துவிட்டு, உள்ளே துருப்பிடிக்கவும் விடுகிறோம்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. ஏசி போட்டாலும் சித்திரை வெயிலில் உள்ளே வெக்கை குறையவில்லை. கேஸ் குறைவு என்று சொல்லி இரண்டு மூன்று முறை கேஸ் நிரப்புவார்கள். பல பழைய பென்ஸ்களில் குற்றவாளி கேஸ் அல்ல. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வுக்குள் ஒரு இறப்பர்ச் சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

எண்ணெய் கருகும் வாடை, அதுவும் ஓடும்போது இல்லாமல் சிக்னலில் நிற்கும்போது மட்டும் வந்தால், எஞ்சினின் மேல்மூடி கேஸ்கட்டைப் பாருங்கள். அங்கிருந்து வழியும் ஒயில் சூடான புகைக் குழாயில் சொட்டுகிறது. ஓடும்போது காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். கேஸ்கட் மலிவு. கவனிக்காமல் விட்டால் ஒயில் இறங்கி எஞ்சினுக்கே ஆபத்து.

அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட். புகைக் குழாயில் கன்வேர்ட்டர் உள்ள காரானால் அதைச் சந்தேகிக்கலாம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது 2002இல். ஈயம் கன்வேர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. அப்படியானால் முதலில் பற்றரியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜ் கட்டுப்படுத்தும் பாகம் பழுது, பற்றரி கொதிக்கிறது. அப்போது வெளிவரும் ஐதரசன் ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும். லைட்டர் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை விடுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வயரிங். டபிள்யூ 123இல் தோட்டா வடிவ பியூஸ்கள் இருக்கின்றன. மரைன் டிரைவ் பக்கம் இரவெல்லாம் கார் நிற்கிறவர்கள் கேளுங்கள்: கடல் உப்புக் காற்று அந்த பியூஸின் முனைகளில் பூத்துவிடும். தொடுகை கெட்டால் அந்த இடம் சூடாகும், உறை உருகும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தால் போதும். 1990களின் முதற்பாதியில் வந்த பென்ஸ்கள் சிலவற்றில் எஞ்சின் வயர்களின் உறையே வெப்பத்தில் பொடிப்பொடியாக உதிரும். அது தயாரிப்பிலேயே இருந்த குறை. அந்த வயசுக் கார் வாங்குகிறவர் விலை பேசும் முன் வயரை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும்.

ஈரச் சப்பாத்து மாதிரிப் பூஞ்சண வாடை ஏசி போட்டவுடன் வந்தால், குளிர்விக்கும் பெட்டியின் தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஏசி ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால்தான் கவலை. கண்ணாடிக்கு முன்னால் சேரும் இலைகுப்பையை அள்ளிவிட்டாலே பாதி பிரச்சினை தீரும். ஆனால் விரிப்புக்கு அடியில் சேற்று மணமும் சீட்டு ரெயிலில் துருவும் இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டியை மூடியதை நாம் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்தாலும் அந்த வாடை லேசில் போகாது.

எல்லா வாடையும் நோயல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக்கால ஜேர்மன் கார்களின் சீட்டுத் திண்டுகளில் குதிரைமயிரும் தென்னந்தும்பும் இறப்பரும் இருந்தன. பழைய காரைத் திறந்ததும் வரும் உலர்ந்த மணம் பெரும்பாலும் அதுதான். அது வயசின் மணம், பயப்பட வேண்டாம்.

*மறைக்கக் கூடாத வாடை*

பெற்றோல் வாடைக்கு மட்டும் பொறுமை கூடாது. பழைய இறப்பர்க் குழாய் வெடித்துப்போய் சூடான எஞ்சினுக்கு மேலே கசிந்தால் கார் எரிய ஒரு நிமிஷம் போதும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். அந்த மாதங்களில் ஓடாமல் நின்ற கார்களில் குழாய்களும் சீல்களும் காய்ந்தன. கேனில் பெற்றோல் சேர்த்து டிக்கியில் வைத்த பழக்கமும் அப்போது வந்தது. சிலர் இன்னும் அதை விடவில்லை. அந்தக் கேனை இன்றே இறக்கிவிடுங்கள்.

புகை வாடை காருக்குள் வந்தால் அதைவிட ஆபத்து. புகையிலிருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் மூக்குக்குத் தெரிவது அதோடு சேர்ந்து வரும் மற்றப் புகைதான். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, டிக்கி இறப்பரும் காய்ந்திருந்தால் புகை பின்சீட்டுக்கு வரும். பின்சீட்டில் யார் இருப்பார்கள்? கண்ணாடி எல்லாம் மூடி, ஏசி போட்டு, மாப்பிள்ளையும் பொண்ணும் கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகளும். தலையிடி, வாந்தி வந்தால் "கல்யாண அலைச்சல்" என்று நினைப்போம். அந்த நேரத்தில் வாசனைப் போத்தல் செய்வது உதவி அல்ல. அது எச்சரிக்கையின் வாயைப் பொத்துகிறது.

வரலாற்றில் இதற்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலை வெடித்துச் சிதறியது. சுமார் 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், மாண்டார்கள். கட்டடத்துக்கு அடியில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. அந்த வாயுவுக்கு மணம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் எரிவாயுவில் வேண்டுமென்றே நாற்றம் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. நம் வீட்டுக் கேஸ் சிலிண்டரின் நாற்றமும் அப்படிக் கலந்ததுதான். 2021 இறுதியில் நம் நாட்டுச் சமையலறைகளில் வெடிப்புகள் தொடர்ந்தபோது எதில் மேர்கெப்டன் என்ற அந்தப் பொருளின் பெயர் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கும். மனிதன் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற நாற்றத்தைக் காசு கொடுத்துச் சேர்க்கிறான். நாம் காசு கொடுத்து அதை மறைக்கிறோம்.

*நாம் என்ன செய்யலாம்?*

ஒன்று. வாடை வந்தால் நாலு விஷயத்தைக் குறித்து வையுங்கள்: எப்போது வருகிறது, எஞ்சின் சூடா குளிரா, காருக்கு உள்ளேயா வெளியேயா, அதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள். "ஏதோ மணக்குது பாஸ்" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில் பாகம் மாற்றுவார். நாலு வரி எழுதிக் கொடுத்தால் நேராக இடத்துக்குப் போவார்.

இரண்டு. கல்யாணக் கார் வாடகைக்கு எடுப்பவர்கள் நிறத்தையும் பூவையும் மட்டும் பார்க்காதீர்கள். வாசனைப் போத்தலைக் கழற்றச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பின்சீட்டில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோலோ புகையோ மணந்தால் அந்தக் கார் வேண்டாம். 2008 முதல் நாம் வருடந்தோறும் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகைக் குழாயின் நுனியில் அளப்பது. பின்சீட்டில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

மூன்று. இதுதான் ஆசிரியர்களாக எங்களுக்கு முக்கியமானது. சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையைக் "கராஜில் போட்டாச்சு" என்று தண்டனை மாதிரிச் சொல்கிறோம். ஒரு வாடையிலிருந்து காரணத்தை ஊகித்து, ஒரு குழாயை அடைத்துச் சோதித்து, ஊகம் சரியா என்று பார்ப்பது விஞ்ஞான பாடத்தில் நாங்கள் கற்பிக்கிற அதே முறை. 1971இலேயே தொழில் பயிலுநர்களுக்கென்று இந்த நாட்டில் சட்டம் வந்தது. இன்று கராஜில் கற்ற வித்தையைச் சோதித்து என்விகியூ சான்றிதழ் தரும் வழியும் உண்டு. ஐம்பது வருட அனுபவமுள்ள பாஸ்மாரும், அவர்களிடம் பழகும் பொடியன்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பொடியன்கள் அவரிடம் வேலையோடு சேர்த்துக் காரணத்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அவர் மூக்கில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை.

உங்கள் தெருவில் இப்படியொரு பாஸ் இருந்தால், அவர் கண்டுபிடித்த ஒரு பழுதின் கதையைக் கமென்டில் எழுதுங்கள். அவருடைய பெயரையோ இலக்கத்தையோ போட வேண்டாம், கதை போதும். சேர்ந்தவற்றைத் தொகுத்து எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.